வாசல் எந்தப் பக்கம்

நேற்றிரவு கூடாரத்துக்குள் தண்ணீர் வந்தது.
தெலுக் பஹாங்கில், அலைக்குப் பயந்து,
வாசலைக் கடலுக்கு நேராக வைத்து
டார்ச்சும் கையுமாக
மாற்றி மாற்றி விழித்திருந்தோம்.
மலைப்பக்கமிருந்து வந்தது அது.
முதுகு நனைந்த பிறகுதான் தெரிந்தது.

விடிந்ததும் நானும் தம்பியும் பேசவில்லை.
வாசல் யோசனை யாருடையது என்பதில் தகராறு.
யுகேந்திரன் ஈரப் பாயைச் சுருட்டிப் பூட்டில் திணித்தான்.
பாதி வெந்த மெகியை நான் நண்டுகளுக்குக் கொட்டினேன்.

வெயில் ஏறும்வரை ஒதுங்க ஓரிடம் வேண்டும், அவ்வளவுதான்.
போனில் 'போர் அருங்காட்சியகம்' என்றிருந்தது.
பாலிக் பூலாவ் வளைவுகளில்
ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் ஒரு சட்டி உருண்டது.
இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தோம்.

பத்து மாவுங் குன்றடியில் டிக்கெட் கிழித்த பையன்
கொசு மருந்தும் விற்றான்.
"மேல ரொம்ப கடிக்கும் கா."
யுத்தத்தைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவுதான்.

பீரங்கி நின்ற வட்டக் குழியில் மழைநீர்.
அதில் தலைப்பிரட்டைகள்,
கமாக்கள் மட்டும் மிஞ்சிய ஒரு பக்கம் போல.
பதுங்கு சுவரில் இளஞ்சிவப்பு, மஞ்சள்:
சனிக்கிழமைதோறும் செத்துச் செத்து எழுந்து
சாப்பிடப் போனவர்களின் பெயின்ட்.
பலகை சொன்னது:
நாற்பத்தொன்றாம் ஆண்டு டிசம்பர்,
குழல்களெல்லாம் கடலைப் பார்த்திருந்தன.
பகை பின்பக்கமாக வந்தது.

யுகேந்திரன் என்னைப் பார்த்தான்.
நான் கடலைப் பார்த்தேன்.
சிரித்திருக்கலாம், சிரிக்க முடியவில்லை.
மனிதர்கள் செத்த இடத்தில்
நனைந்த பாயை நினைத்துக்கொள்வது
என்ன மாதிரிப் புத்தி.

தப்பிக்கும் சுரங்கம் என்று அம்புக்குறி.
அவன்தான் முதலில் குனிந்து நுழைந்தான்,
தொண்ணூற்றாறு கிலோ, சரித்த தோள்.
பாதியில் நின்றுபோனான்.
"அக்கா."
அன்றைய முதல் சொல்.
"இருக்கேன்டா. மூச்ச வெளிய விடு. முழுசா விடு."
சட்டையைப் பிடித்து இழுக்க ஒரு கை,
வெளிச்சம் பிடிக்க இன்னொரு கை.
அவன் காதுக்கு ஒரு விரற்கடை தள்ளி
சுவர் முழுக்க மரத்தின் ரேகைகள்.
கான்கிரீட்டில் எப்படி மரம்?
ஊற்றும்போது அடித்த பலகையின் நார்,
ஒரு கணு, ஆணித் தலையின் சிறு பள்ளம்.
பலகை அன்றே அடுப்பெரிந்திருக்கும்.
அடித்த கை யாருடையதோ,
கூலிக்கு அடித்தவன்
எந்தப் பக்கம் சுடுவார்கள் என்றா கேட்டிருப்பான்?
மழைக்கு முன்னால் முடிக்க நினைத்திருப்பான்.

வெளியே வந்து
இருமி, துப்பி, கிணற்றுக்குள் விழுந்தவன் மாதிரி சிரித்தான்.
"யாருக்கும் சொல்லாத."
முட்டியில் சிராய்ப்பு.
கொசு மருந்தை அதில் அடித்துவிட்டுக் கத்தினான்.

கார் நிறுத்தத்தில் பாயை பானட்டில் விரித்தான்.
கூடாரத்தைக் கதவில் மாட்டினான்,
குச்சிகளை எண்ணினான், ஒன்று குறைந்தது.
டேஷ்போர்டுக்குள்,
டிஷ்யூ பெட்டிக்கு அடியில்,
பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்தபடி இருந்தது
நிபோங் திபால் வீட்டுப் பத்திரம்.
அவன் கையெழுத்துக்கு வக்கீல் பென்சிலில் போட்ட பெருக்கல் குறி.
இந்தப் பயணம் என் யோசனை.
கடல், மீன், ரெண்டு ராத்திரி,
நாம ரெண்டு பேரும் எங்கயாவது போயி
எவ்வளவு நாளாச்சு என்று
போனில் சொன்னவள் நான்.

டிஷ்யூ கேட்டான்.
நானே எடுத்துக் கொடுத்தேன், வேகமாக.

முட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்,
கோபமெல்லாம் வடிந்த குரலில்,
"இன்னிக்கு வாசல
எந்தப் பக்கம் வைக்கலாம், நீயே சொல்லு."